இபிசா: கூத்துத் தெய்வத்தின் தீவு

இபிசா என்றாலே கடற்கரை, விடிய விடிய ஆட்டம், டிஜே. ஸ்பெயினின் இந்த மத்தியதரைக்கடல் தீவுக்கு நான் போனது அதற்காக இல்லீங்க, கல்லறைகளைப் பார்க்க!

பினீசியர்கள் தீவுக்கு வைத்த பெயர் இபோசிம். அதற்கு 'பெஸ் தெய்வத்தின் தீவு' என்று பொருள் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பெஸ் எகிப்தின் குள்ளத் தெய்வம். இசை, கூத்து, பிரசவக் காவல் எல்லாம் அவர் பொறுப்பு. வெறும் பெயரை வைத்து முடிவு கட்டக்கூடாது, சரிதான். ஆனால் தீவின் பழைய நாணயங்களிலும் சுத்தியலும் பாம்புமாக பெஸ் நிற்கிறாரே!

நகருக்குள்ளேயே புட்ச் தெஸ் மொலின்ஸ் என்ற குன்று. மேலே ஆலிவ் மரங்கள். அடியில் பாறையைக் குடைந்த கல்லறைகள், 3,000-க்கும் மேல். 1999-ல் யுனெஸ்கோ இதையும் உலக மரபுச் சின்னத்தில் சேர்த்தது.

இதில் என்ன முக்கியம்? கி.மு. 146-ல் ரோமர்கள் கார்த்தேஜை அழித்தார்கள். அம்மக்களின் நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றிப் பெரும்பாலும் எதிரிகள் எழுதியதைத்தான் படிக்கிறோம். இபிசாவில் அவர்கள் புதைத்த மணிகளும், தாயத்துகளும், சுடுமண் உருவங்களும் எதிரியின் துணையில்லாமல் பேசுகின்றன.

ஆட்டம் ராத்திரிதானே? பகலில் குன்றுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.