முன்னறையில் புகுந்த நீர்

கலத்தினுள் நீர் புகுந்துள்ளதா என்பதை அறிய மாலுமிகள் நெடுங்காலம் ஓர் எளிய கருவியையே நம்பியிருந்தனர். அளவு குறித்த கோலொன்றைக் கயிற்றில் கட்டி, அடித்தளம்வரை செல்லும் குழாயினுள் இறக்கி, நனைந்த உயரத்தைப் பார்ப்பார்கள். அமைதியான கடலில் அதுவே போதும். புயற்காலத்தில், அலை புரளும் மேல்தளத்தில் நடந்து சென்று கோலை இறக்குபவர் யார்?

இவ்வினாவின் கடுமையை உலகிற்கு உணர்த்தியது டெர்பிஷயர் என்னும் பிரிட்டிஷ் கப்பல். 1976இல் கட்டப்பட்ட அது ஏறத்தாழ 294 மீட்டர் நீளமுடையது. கனடாவிலிருந்து ஜப்பானுக்கு இரும்புத்தாது ஏற்றிச் சென்றபோது, 1980 செப்டம்பரில், ஒகினாவாவுக்கு அப்பால் சூறாவளியில் சிக்கி மறைந்தது. அதிலிருந்த 44 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. உதவி கோரும் செய்திகூட வரவில்லை.

இயற்கையின் சீற்றமே காரணம் என்று 1989இல் விசாரணை முடிந்தது. உற்றாரை இழந்த குடும்பங்களோ அதனை ஏற்காது போராடின. 1994இல், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தோர், முன்புறச் சாமான் அறையின் மூடியை மாலுமிகள் சரிவரப் பூட்டவில்லை என 1998இல் எழுதினர். தங்களுக்காக வாதாட இயலாத இறந்தோர்மீது பழி விழுந்தது.

மறுவிசாரணை நடத்திய நீதிபதி கோல்மன், 2000ஆம் ஆண்டில் அப்பழியைத் துடைத்தார். முன்தளத்துக் காற்றுக் குழாய்களை அலைகள் முறித்தெறிந்தன. அவ்வழியே நீர் முன்னறைகளை மெல்ல மெல்ல நிரப்பிற்று. முகப்புத் தாழத் தாழ, பேரலைகள் சரக்கறை மூடியை நொறுக்கின. கப்பலைச் செலுத்துவோர் இருந்ததோ பின்புறத்தில். முன்னறையில் நிகழ்வதை அவர்களுக்கு அறிவிக்க எதுவுமில்லை.

அக்குறையை நீக்கும் விதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002இல் ஏற்றது. 2004 ஜூலை முதல் அவை நடைமுறைக்கு வந்தன. மொத்தச் சரக்குக் கப்பல்களின் சரக்கறைகளில் நீர் அரை மீட்டர் உயர்ந்ததுமே உணர்கருவி ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும். முன்புற வெற்றறைகளிலோ பத்து சென்டிமீட்டரே எல்லை. அறிந்தால் மட்டும் போதாதன்றோ? ஆகவே, அந்நீரை இறைக்கும் ஏற்பாட்டையும் திறந்த தளத்தைக் கடவாமலே இயக்க வழி வேண்டுமென்று விதித்தனர்.

இன்று ஒரு கப்பலின் மேடையில் அந்த எச்சரிக்கை மணி ஒலிக்குமானால், அதன்பின்னே இருபது ஆண்டுகள் ஓயாது வினவிய குடும்பங்களின் குரலும் ஒலிக்கிறது.