உலகெலாம் என்னும் திருச்சொல்



தெய்வச் சேக்கிழார் பெருமான் தில்லையை அடைந்து, திருத்தொண்டர் வரலாற்றைப் பாடுதற்கு அடியெடுத்துத் தர வேண்டும் என்று அம்பலவாணர் திருமுன்னர் நின்று வேண்டினார். அப்பொழுது ‘உலகெலாம்’ என்னும் அசரீரி வாக்கு அங்குக் கூடியிருந்தோர் யாவர் செவியிலும் விழுந்தது. இவ்வரலாற்றைச் சேக்கிழார் புராணம் விரித்துரைக்கின்றது. கேட்டுக் கேட்டுப் பழகிய செய்தியாதலின், நம்மிற் பலர் ஒன்றை நினைந்து பார்ப்பதில்லை. இறைவன் எடுத்துக் கொடுத்தது ஏன் இந்தச் சொல்? தன் பெயரைத் தந்திருக்கலாம், அடியார் பெயரைத் தந்திருக்கலாம், ஐந்தெழுத்தையே தந்திருக்கலாம். ‘உலகைத் துற, உலகை வெறு’ என்று ஓயாது சொல்லும் சொற்பொழிவுகளைக் கேட்கும் நமக்கு, அந்த உலகத்தையே அவன் முதற்சொல்லாக வைத்தது வியப்பன்றோ? இதற்கு விடை காண வேண்டுமாயின் அச்சொல் தமிழில் நடந்து வந்த வழியை அறிதல் வேண்டும்.

இன்று உலகம் என்றால் பூமி முழுவதும் என்றோ, அதற்கு மேலும் விரிந்த அனைத்தும் என்றோ கொள்கின்றோம். பண்டு அப்படியில்லை. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நால்வகை நிலங்களையும் தனித்தனியே உலகம் என்ற சொல்லாலேயே குறிக்கின்றார். காடு ஓர் உலகம். மலை ஓர் உலகம். வயல் ஓர் உலகம். கடற்கரை ஓர் உலகம். ஆகவே அச்சொல் முழுமையைக் குறிப்பதற்கு முன்னரே, மக்கள் வாழும் ஒரு பகுதியைக் குறித்து நின்றது என்பது தெளிவு.

அவரே சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் இன்னொரு நுட்பம் உரைக்கின்றார். பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் பத்தினை அவர் எண்ணுகின்றார். காலம், உயிர், உடம்பு, ஞாயிறு, திங்கள் முதலியவற்றோடு உலகமும் அங்கே இடம்பெறுகின்றது. உலகம் பசித்தது என்கின்றோம். பசித்தது மண்ணா? கல்லா? மக்கள் அல்லரோ பசித்தார்! ஆயினும் ‘பசித்தது’ என்றே முடிக்கின்றோம். சொல் இடத்தைக் காட்டும். பொருள் உயிரைக் காட்டும். இவ்விரட்டைத் தன்மையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். சேக்கிழாரிடம் போகும்போது இது நமக்குப் பயன்படும்.

ஞாலம், வையம், பார் முதலிய சொற்களும் நம்மிடம் உண்டு. ஞாலுதல் தொங்குதலாதலின், வெளியில் தொங்குவது ஞாலம் என்பர். வையம் வண்டிக்கும் பெயர். இவை பெரும்பாலும் மண்ணுலகின் அளவில் நின்றுவிட்டன. உலகம் என்னும் சொல்லோ மேலுலகம், கீழுலகம், மூவுலகம், ஈரேழுலகம் என வளர்ந்துகொண்டே போயிற்று. வடமொழி லோகம் என்பதன் திரிபே இது என்பார் ஒரு சாரார். உலவுதல் என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது என்பார் மற்றொரு சாரார். அவ்வழக்கு இம்மேடையில் தீர்வதன்று. நாம் அதில் நுழைய வேண்டா.

திருவள்ளுவர் முதற்குறளை இச்சொல்லாலே முடித்தார். அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், அங்கே உலகு என்றது உயிர்களின்மேல் நின்றது என்று விளக்கினார். அங்ஙனமே ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரும் உலகத்தை உயர்ந்தோர் ஒழுகிய நெறியோடு சேர்த்து அவர் பொருளுரைத்தார். இடத்தை விட்டு உயிரைக் கொள்ளும் இம்மரபு உரையாசிரியர் காலத்திலும் மங்காமல் இருந்தமை இதனால் புலனாகும்.

பாட்டியல் நூலார் உலகம் என்பதை மங்கலச் சொற்களுள் ஒன்றாக வைத்தனர். காப்பியத்துக்கு முதலில் மங்கலச் சொல் வருதல் வேண்டும் என்பது விதி. திருமுருகாற்றுப்படை இச்சொல்லால் தொடங்குகின்றது. மணிமேகலையின் விழாவறை காதையும் அவ்வாறே. கம்பர் காப்பியமும் அவ்வாறே. ஆகவே ‘சேக்கிழாரும் மரபுப்படி மங்கலச் சொல் வைத்தார், அவ்வளவே’ என்று சிலர் முடித்துவிடுவர். அவர்கள் சொல்வது பொய்யன்று, ஆனால் குறைவுடையது. ஏன் எனிற் கூறுவேன்.

அனபாயச் சோழர் சீவக சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்தார் என்றும், அதனைக் கண்டு அமைச்சராகிய சேக்கிழார் சிவனடியார் வரலாற்றின்பால் அவர் உள்ளத்தைத் திருப்பினார் என்றும் நாம் அறிவோம். அனபாயர் என்பார் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்க சோழரே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. அந்தச் சிந்தாமணியின் கடவுள் வாழ்த்திலும் முதலடியிலேயே உலகம் வருகின்றது. அங்கே அதற்குக் கொடுத்த அடைமொழியை நோக்குமின்: முடிவும் முதலும் இல்லாத உலகம் என்பது அதன் கருத்து. இது வெறும் அணியன்று. சமண சமயத்தின் கொள்கை. உலகு ஒருவரால் படைக்கப்பட்டதன்று, என்றும் உள்ளது, அதற்குக் கருத்தா வேண்டா என்பது அவர் மதம். திருத்தக்கதேவர் தம் சமயத்தை ஓர் அடைமொழியில் அடக்கி வைத்தார். அது புலமையின் திறம், அதை நாம் மதிக்க வேண்டும்.

எனவே சிந்தாமணியைக் கேட்டுச் சுவைத்த அவையில் பெரியபுராணம் அதே சொல்லோடு எழுந்தபோது, அறிந்தோர் செவிக்கு அது பழைய மங்கலமாக மட்டும் பட்டிராது. முதலும் முடிவும் இல்லாதது என்று அங்கே போற்றப்பட்ட உலகம், இங்கே ஒருவனை உணரவும் ஓதவும் மாட்டாது அவன்முன் நிற்கின்றது. ஒரே சொல், சமயம் வேறு. இது அடியேன் கருத்து.

வடமொழியாளர் அனைத்தையும் சுட்டப் பல சொற்களை வழங்கினர். இயங்குவது ஜகத்து, விரிந்தது பிரபஞ்சம், எல்லாம் என்பது விசுவம், முட்டை வடிவினது அண்டம். இவற்றுள் அண்டம் தமிழோடு நன்கு கலந்தது. தில்லையில் அருளிய திருவண்டப்பகுதியில் மணிவாசகப் பெருமான், நூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களைச் சொல்லி, அவையெல்லாம் இறைவன் பெருமைக்கு முன்னே வீட்டினுள் நுழையும் வெயிற் கதிரில் மிதக்கும் நுண்ணிய துகள் போல்வன என்கின்றார். கூரைத் துளை வழியே இறங்கும் கதிரில் தூசு மிதப்பதை நம் பாட்டிமார் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! அந்த எளிய காட்சியால் அனைத்தின் அளவையும் அடிகள் காட்டினார். இக்காலத்து விண்ணூலார் தொலைநோக்கியால் கண்டதை அவர் முன்னரே சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. அவர் விண்மீன் எண்ண வரவில்லை. அண்டங்கள் எத்தனை பெரியவாயினும் அவன்முன் சிறியன என்று உருக வந்தார்.

ஆகமங்கள் எண்ணியது வேறு வகை. புவனங்கள் 224, தத்துவங்கள் 36, கலைகள் 5 என அத்துவாக்களை அவை வகுக்கும். தீக்கை பெற்றவர் இதனைக் குருமுகமாக அறிந்திருப்பர். இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

இனி மெய்கண்ட தேவரிடம் வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய அப்பெருமான் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் உடையது. உலகுக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவுவது முதற்சூத்திரம். வடமொழிச் சிவஞானபோதத்தில் இவ்விடத்து ஜகத்து என்னும் சொல் கிடக்கின்றது. தமிழ்ச் சூத்திரத்திலோ உலகு என்னும் சொல்லே இல்லை! ஆணைச் சுட்டும் பெயர் ஒன்று, பெண்ணைச் சுட்டும் பெயர் ஒன்று, இரண்டும் அல்லாததைச் சுட்டும் பெயர் ஒன்று, ஆக மூன்று சுட்டுப் பெயர்களை அடுக்கி அனைத்தையும் அவர் சொல்லிவிட்டார். வடநூலில் பெண் முன்னும் ஆண் பின்னுமாக நிற்கும்; தமிழில் ஆண்பால் முன்னே வந்தது.

ஏன் இப்படிச் செய்தார்? உலகம் என்று ஒரே சொல்லால் கூறினால், ‘உலகம் முழுவதும் தோன்றியதை எவன் கண்டான்? முழுவதும் ஒடுங்கியதை எவன் கண்டான்?’ என்று உலகாயதன் எழுந்து நிற்பான். முழுமையை ஒருவனும் கண்டதில்லை. நாம் காண்பதெல்லாம் விரல் நீட்டிச் சுட்டக்கூடிய இவன், இவள், இது என்பனவே. அவை ஒவ்வொன்றும் பிறக்கக் காண்கின்றோம், இருக்கக் காண்கின்றோம், மறையக் காண்கின்றோம். பகுதியிற் கண்டது தொகுதிக்கும் பொருந்தும் என்று கருதலளவையால் கொள்கின்றோம். ஆகவே உலகம் என்பது சுட்டி அறியப்படும் பொருள்களின் தொகுதி. இறைவன் அவ்வாறு சுட்டி அறியப்படாதவன். இலக்கணத்தில் சிறுவர் படிக்கும் சுட்டுப் பெயரைக் கொண்டு சித்தாந்தத்தின் வாயிலைத் திறந்த பெருமை மெய்கண்டாருக்கே உரியது. 1785-இல் சிவப்பேறு எய்திய திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் இச்சூத்திரத்துக்கு விரித்த விரிவை, இயன்றவர் ஓராசிரியரிடம் அமர்ந்து பாடங்கேட்க வேண்டும். தனியே படிப்பது கடினம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோன்றி மறைவதால் உலகம் பொய் என்று நம் ஆசாரியர் கூறவில்லை. மாயாவாதத்தை அவர் மறுத்தனர். உலகம் உள்பொருள், மாயையினின்று தோற்றுவிக்கப்படுவது, உயிர்கள் மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் கருணையால் தருவது. நோயாளிக்கு மருந்துச்சாலை எப்படியோ அப்படி. அங்கேயே தங்கிவிட ஒருவரும் விரும்பார்; ஆயினும் அதனைப் பொய்யென்று இகழ்வாரும் உளரோ?

இனிப் பெரியபுராணத்தின் முதற்பாடலைப் பார்ப்போம். உலகெலாம் உணர்தற்கும் ஓதுதற்கும் அரியவன் என்பது அதன் கருத்து. உணர்தலும் ஓதுதலும் மண்ணுக்கும் மலைக்கும் இல்லை, உயிர்க்கே உண்டு. எனவே அங்கே உலகெலாம் என்றது உயிர்கள் எல்லாம் என்றாயிற்று. தொல்காப்பியர் காட்டிய அவ்வழக்கே தில்லைவாணர் திருவாக்கிலும் நின்றது. ‘எலாம்’ என்னும் அடையை நோக்குமின். அரசர் உலகம், அந்தணர் உலகம் என்று பிரிக்க இடமில்லை. குயவர், வண்ணார், பாணர், வேடர், ஆதனூர்த் திருநாளைப்போவார், காரைக்காலம்மையார் என அந்நூலில் வரும் அடியார் நிரையை எண்ணிப் பார்த்தால், அவ்வடை அங்கே ஏன் வேண்டியதாயிற்று என்பது விளங்கும்.

சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் அடுத்த ஆண்டு அதே நாளில் நிறைவெய்தியது. திருமுறையைச் சேக்கிழாரோடு யானைமேல் ஏற்றித் திருவீதி வலம் வரச் செய்தார் சோழர் பெருமான். பன்னிரண்டாம் திருமுறையாக அது வைக்கப்பெற்றது. அவ்வரங்கேற்றத்தின் கடைசி நாளில் ஓதப்பெற்ற நிறைவுப் பாடலும் ‘உலகெலாம்’ என்றே முடிகின்றது. ஆனால் அங்கே பொருள் மாறிவிட்டது. திருத்தொண்டர் புகழ் எங்கும் நிலவி நின்ற இடமாக, அப்புகழைத் தாங்கும் நிலமாக அச்சொல் வருகின்றது. முதலில் உணரமாட்டாத உயிராக நின்ற உலகம், அறுபத்துமூவர் தனியடியாரும் ஒன்பது தொகையடியாரும் நடந்து சென்ற பின்பு, அவர் புகழ் நிறைந்த நிலமாக முடிவில் நிற்கின்றது.