திரைப்படமும் காலக்கணக்கும்

பெரியோர் ஒருவரின் வாழ்வைத் திரைப்படமாக்குவோர் நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றியமைப்பதுண்டு. அதனால் நாம் இழப்பது யாது? 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொகீமியன் றப்சொடி' என்னும் ஆங்கிலப் படத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம். 'குயீன்' என்னும் றொக் இசைக்குழுவையும் அதன் பாடகர் பிறெடி மேர்க்குரியையும் பற்றிய படம் அது. மேர்க்குரியாக நடித்த ராமி மாலெக் 2019இல் ஒஸ்கார் விருது பெற்றார்.

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியே படத்தின் உச்சக்கட்டம். பிரிந்திருந்த குழுவினர் அதற்காகவே மீண்டும் கூடினர் என்றும், தம்மைப் பற்றிய கொடிய நோயை மேர்க்குரி அதற்கு முன்னரே தோழர்களிடம் கூறினார் என்றும் படம் காட்டுகிறது. உண்மையில் அக்குழு பிரிந்திருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலும் ஜப்பானில் இசை நிகழ்த்தியது. நோய் உறுதியானது 1987 அளவிலேதான் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். 1991 நவம்பர் 24ஆம் நாள் அவர் காலமானார். மரணத்தை அறிந்தே அன்று பாடினார் என்னும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது. ஆயினும் அது நிகழ்ந்ததன்று.

மாற்றப்பட்டவை இவை, விடப்பட்டதும் ஒன்றுண்டு. மேர்க்குரியின் இயற்பெயர் பறோக் பல்சாரா. 1946இல் சன்சிபார் தீவில் பார்சிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே மேற்கு இந்தியாவின் மலையூராகிய பஞ்சகனியில், புனித பீற்றர் பாடசாலை விடுதியில் சேர்க்கப்பட்டார். பள்ளித் தோழருடன் முதல் இசைக்குழுவை அமைத்துப் பியானோ வாசித்தது அங்கேதான். 1964 ஜனவரியில் சன்சிபாரில் புரட்சி மூண்டது. குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. படமோ அவர் கதையை 1970ஆம் ஆண்டின் இலண்டனிலிருந்தே விரிக்கிறது. தீவும் மலையூரும் பேச்சோடு பேச்சாய்க் கழிந்துவிடுகின்றன.

கடல் கடந்து வந்தோரின் வழியினராகிய மலையக மக்கள் இதனைச் சிறு குறையென்று தள்ள இயலாது. தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டமே நம்மவரை நாடற்றவராக்கியது. பல்சாரா குடும்பம் பெயர்ந்த அதே 1964இல், ஒக்டோபர் மாதம் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியா செல்லவேண்டுமென விதித்தது. றொசல்ல ஊடாகச் செல்லும் புகையிரதப் பாதை அப்பிரிவுகளைக் கண்ட பாதை.

பிறந்த இடமும் வந்த ஆண்டும் நமக்கு வெறும் புள்ளிவிவரங்கள் அல்ல. மலையகத்தின் வாழ்வைத் திரையில் தீட்ட முனையும் இளைஞர்கள் கற்பனைக்கு இடமளிக்கட்டும்; ஆனால் முதலில் பிறப்புப் பதிவையும் தோட்டத்துப் பேரேட்டையும் புரட்டட்டும்.