கதவு திறந்த நாளும் கடன் தீர்ந்த நாளும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைக் கடந்தால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு கடலோடு கலக்குமுன் அகன்று விரியும் இடம் அது. புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம், பயணிகளை அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய மணற்கரைக்கு ஏற்றிச் செல்கிறது. படகில் ஏறுபவர் பயணச்சீட்டுக்குக் கொடுக்கும் பணம் கழகத்துக்குச் சேரும். அவர் குடிக்கும் இளநீரும் பிள்ளைக்கு வாங்கித் தரும் சுண்டலும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூலியும் சாலையோரத்துக் குடும்பங்களைச் சேரும். சனி, ஞாயிறு வரும்படியில் வாரம் முழுவதும் உலை வைக்கும் குடும்பங்கள் இத்தகைய இடங்களில் உண்டு. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இந்த வரும்படி ஒரே நாளில் நின்றது.

கட்டுப்பாடுகள் விலகிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேதிகளைத்தான் எழுதுகின்றனர். அவையும் தேவையே. மீன்பிடித் தொழிலுக்கு ஏப்ரல் 10 அன்றே மத்திய அரசு விலக்கு அளித்தது. ஆனால் ஐந்து நாள் கழித்துக் கிழக்குக் கரையில் வழக்கமான தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாள் நீள வேண்டிய அந்தத் தடையை அவ்வாண்டு 47 நாளாகக் குறைத்து, மே 31 உடன் முடித்தார்கள். வழிபாட்டுத் தலங்கள் புதுச்சேரியில் ஜூன் 8 அன்று திறந்தன. வீட்டிலேயே உளூச் செய்து, சொந்த முஸல்லாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடைவெளி விட்டு ஸஃப்பில் நின்ற அந்த நாட்களை நம் பிள்ளைகள் கூட மறந்திருக்க மாட்டார்கள். அதே வேளையில், சில கிலோமீட்டர் தெற்கே தமிழக எல்லைக்குள் கடலூரின் பெரிய பள்ளிவாசல்கள் பூட்டியே கிடந்தன. தமிழகத்தில் ஜூலையில் ஊராட்சிகளின் சிறு வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பெரிய தலங்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன. ஒரே சாலையில், ஒரே கிப்லாவை நோக்கி நிற்போருக்கு இரண்டு சட்டங்கள். பிரெஞ்சுக்காரர் வகுத்த எல்லை அந்தக் கோடையில் நம் தொழுகைக்குள்ளும் வந்து நின்றது.

மாநிலங்களுக்கிடையே பயணத்தைத் தடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் ஆணை ஆகஸ்ட் 29 அன்று வந்தது. வெளியூர்ப் பயணிகளை நம்பியிருக்கும் ஓர் ஊருக்கு இதுவே மெய்யான திறப்பு. ஆனால் அதற்குள் ஐந்து மாதம் கழிந்திருந்தது. வருமானம் இல்லாத ஐந்து மாதத்தில் ஏழைக் குடும்பம் எதைக் கொண்டு வாழும்? நகையை, அதன் பிறகு கடனை.

இங்கே நம் முன்னோர் வரலாற்றின் ஓர் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது பொருந்தும். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் இரு பேரிடர்கள் முஸ்லிம் சமுதாயத்தைத் தாக்கின. ஹிஜாஸில் மழை பொய்த்தது. காற்று சாம்பலைப் போல் புழுதியை வாரி இறைத்ததால் அது ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு, எனப் பெயர் பெற்றது. ஷாமில் ‘அம்வாஸ்’ கொள்ளை நோய் பரவியது. அபூஉபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற பெருந்தோழர்கள் அதில் மறைந்தனர். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நோயுள்ள ஊரிலிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியும், கலீஃபா உமர் (ரலி) ‘ஸர்க்’ என்னுமிடத்திலிருந்து திரும்பிய நிகழ்ச்சியும் 2020இல் ஏறத்தாழ எல்லா மேடைகளிலும் பேசப்பட்டன. நோய் தணிந்த பின் என்ன நடந்தது என்பதோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. என் பார்வையில் நமக்கு அதிகம் தேவைப்பட்ட பகுதி அதுவே.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குச் சிதறிப் போகச் செய்ததையும், அதன் பின் நோய் அடங்கியதையும் தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நோய் அடங்கிய பிறகு உமர் (ரலி) தாமே ஷாமுக்குப் புறப்பட்டார்கள். பாதை திறந்துவிட்டது, இனி மக்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்று மதீனாவில் இருந்துவிடவில்லை. குடும்பம் குடும்பமாக மக்கள் மடிந்திருந்ததால் யாருடைய சொத்து யாருக்கு என்பது குழம்பிக் கிடந்தது. அவர்கள் அங்கே சென்று வாரிசுரிமைகளைத் தீர்த்து, உயிரோடிருந்தோருக்கு உரியதைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

சாம்பல் ஆண்டில் செய்தது இன்னும் நுட்பமானது. அவ்வாண்டு கால்நடைகளுக்கான ஜகாத்தை வசூலிக்க ஆள் அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். மழை பெய்து மேய்ச்சல் திரும்பியதும் மறு ஆண்டு வசூலிப்பாளரை அனுப்பி, இரண்டு ஆண்டுக்கும் உரியதைப் பெறும்படியும், ஒரு பங்கை அந்த மக்களின் ஏழைகளுக்கே பங்கிட்டு, மற்றதை மட்டும் தம்மிடம் கொண்டுவரும்படியும் கட்டளையிட்டார்கள். கடமை ஒழியவில்லை, தவணை கிடைத்தது. அந்தத் தவணைக்காக ஓர் ஆட்டுக்குட்டி கூடக் கூடுதலாகக் கேட்கப்படவில்லை.

நம் காலத்துத் தவணை எப்படி இருந்தது? 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி அளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. அசலுக்கு வட்டியும், கட்டாத வட்டிக்கு மேலும் வட்டியுமாக அது ஏறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிமேல் வட்டியைத் தானே ஏற்பதாக மத்திய அரசு அக்டோபரில் அறிவித்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பில் நீதிமன்றம் அந்த வரம்பின்றி எவரிடமும் வட்டிமேல் வட்டி பெறக் கூடாது என்றது. ஆனால் சாதாரண வட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வங்கி வாசலே மிதிக்காமல், காலையில் வாங்கிய பணத்துக்கு மாலையில் வந்து நிற்கும் தண்டல்காரரிடம் கடன்பட்டவருக்கு இந்த ஆணையும் தீர்ப்பும் எந்த வகையிலும் உதவவில்லை.

தெருவோர வணிகர் மீண்டெழ 2020 ஜூன் 1 அன்று ‘பிஎம் ஸ்வநிதி’ திட்டம் வந்தது. பிணையின்றி 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் 7 சதவீத வட்டி மானியம். தண்டலோடு ஒப்பிட்டால் பெரிய ஆறுதல்தான். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இருந்தாலும் வட்டி வட்டியே. மார்க்கம் அதை விலக்கியிருக்க, வேறு வழி கேட்கும் ஒரு வண்டிக் கடைக்காரரிடம் “வாங்காதே” என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஜமாஅத், தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறது.

மீதிப் பாதிக்கு வழி மார்க்கத்திலேயே உண்டு. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக் கொடுத்துவிட்டால் அது மேலும் நல்லது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அத்தவ்பா 60இல் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் இடம்பெறுகின்றனர். உரிய காலத்துக்கு முன்பே ஜகாத்தைக் கொடுக்க அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அனுமதி அளித்த செய்தி உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபீ மத்ஹபிலும் இது ஏற்கப்பட்டதே. நெருக்கடி காலத்தில் ரமழானுக்காகக் காத்திராமல் ஜகாத்தைக் கொடுக்க இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. திருப்பித் தரக் கூடியவருக்குக் கர்ழன் ஹஸனா, இயலாதவருக்கு ஜகாத் என்று பிரித்துப் பார்த்துக் கொடுப்பதே பைத்துல்மாலின் வேலை.

சுண்ணாம்பாற்றுக் கரை போன்ற ஓர் ஊரில் கடன்பட்டவர் நம்மவர் மட்டும் அல்லர். பக்கத்துக் கடைக்காரர் வேறு சமயத்தவராக இருப்பார். ஜகாத்தின் சட்டம் தனி. ஸதகாவுக்கும் வட்டியில்லாக் கடனுக்கும் அந்த எல்லை இல்லை. வாசல்தோறும் இரந்து நின்ற பார்வையற்ற ஒரு முதிய யூதரை உமர் (ரலி) தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பின்பு, இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று சொல்லி, அவரைப் போன்றவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க உத்தரவிட்டார்கள். இமாம் அபூயூஸுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதைப் பதிந்துள்ளார்.

ஸ்வநிதித் திட்டத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ரூபாயாக உயர்த்தியது. ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும், தள்ளுவண்டிக்கு முதல் தேடி வருவோர் இருக்கின்றனர். அவர்கள் ஜும்ஆவுக்கு வரும் நம் பள்ளிவாசல்களில், பைத்துல்மால் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, சென்ற ஆண்டு அதிலிருந்து எத்தனை பேருக்குக் கடன் போயிற்று என்று அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒருவராவது கேட்கட்டும்.