தன்னுடல் தாக்கு மூளையழற்சி

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூளை நரம்பணுக்களையே தாக்குவதால் உண்டாகும் அழற்சி. உளப்பிறழ்வுக்கு (இல்லாத குரல் கேட்டல், பொய்நம்பிக்கை, நடத்தை மாற்றம்) அரிதான, ஆனால் குணப்படுத்தக்கூடிய காரணம். நரம்பணுக்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான வகையே பெரிதும் ஆராயப்பட்டது; யோசெப் டால்மாவ் குழு 2007இல் இதை விவரித்தது. இளம்பெண்களிடம் மிகுதி, சிலருக்குச் சூலகக் கட்டியே தூண்டுதல். காய்ச்சல், தலைவலிக்குப் பின் சில நாள்களில் மனக்குழப்பம் தோன்றும். பிறகு வலிப்பு, வாய், கை கால்களின் தன்னிச்சையற்ற அசைவு, பேச்சின்மை தொடரும். மனக்குறிகள் மட்டுமே நீடிப்பது அரிது. எனவே திடீர் உளப்பிறழ்வுடன் வலிப்போ காய்ச்சலோ இருந்தால் இதை விலக்காமல் மனநோய் என முடிவுகட்டுவது பெருந்தவறு. எம்.ஆர்.ஐ. படம் இயல்பாகவே இருக்கலாம்; தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் காண்பதே உறுதிச் சான்று. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், ரிடக்சிமாப் ஆகியவை மருத்துவம். கட்டி இருந்தால் அறுவை. விரைவாகத் தொடங்கினால் பெரும்பாலோர் தேறுவர், மாதக்கணக்கில் ஆகும்.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் நரம்பு நோயெதிர்ப்பியல் ஆய்வகம் உள்ளது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியிட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். மனநோயாகத் தோன்றுவோரைச் சங்கிலியில் பூட்டாமல், முதலில் உடற்காரணம் தேடி மருத்துவம் செய்ய வேண்டிய தேவையை அந்நிகழ்வு நினைவூட்டுகிறது.