காட்டுக்குள் ஒரு நாடு

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டின் பெயரிலேயே காடு இருக்கிறது. அந்த மலையின் தொல்குடிகளான மலையாளிகளின் வழக்கிலோ சேர்வராயன் மலை என்பது சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என்ற மூன்று நாடுகள். தமிழே பேசும் இம்மக்களிடம் நாட்டுக்குத் தலைவர் பட்டக்காரர், ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர். மணமுறிவும் பூசலும் ஊர் கூடிப் பேசித் தீர்க்கப்பட்டன. பக்கத்துக் கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே இச்சொல் இன்றும் வாழ்கிறது.

கோட்டையும் படையும் இல்லாத சில ஊர்களை நாடு என்பது பொருந்துமா? குறித்த நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்குத் தனியுரிமை கொண்டாடுவதே அரசு என்றார் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், 1919இல். அந்த அளவுகோலில் இம்மலையில் அரசும் இல்லை, ஆகவே அரசியலும் இருந்திருக்காது. நாடு என்ற சொல்லின் வரலாறு வேறு விடை தருகிறது.

பழந்தமிழில் நாடு என்பது காட்டுக்கு மறுதலை. உழுது குடியிருக்கும் நிலம். குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. பல்லவர், சோழர் காலத்தில் அது ஊர்கள் சில சேர்ந்த தொகுதி. வளநாடும் மண்டலமும் அதற்கு மேலே அடுக்கப்பட்டவை. வரலாற்றாய்வாளர் எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூலில் சோழநாட்டின் நாடுகளைக் கல்வெட்டுகளைக் கொண்டு வரைபடமாக்கினார். பல்லவர் காலக் காசாக்குடிச் செப்பேட்டில் மன்னனின் கொடை ஆணை, நாட்டின் சார்பில் செயல்படும் நாட்டாருக்கே போகிறது. கொடைநிலத்தின் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அந்த ஆணையை நடைமுறையாக்குபவர்கள் அவர்களே. கல்வெட்டுகளில் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல் ‘நாட்டோம்’. நிலத்தின் பெயரோடு தன்மைப் பன்மை விகுதி சேர்ந்ததும் நிலம் ‘நாம்’ ஆகிவிடுகிறது.

யாருக்கு எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதே அரசியல் என்றார் அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் (1936). மக்கள் கூடிச் செயல்படும்போது பிறப்பதே அதிகாரம் என்றார் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட். நாட்டோம் என்ற சொல்லில் இரண்டும் அடங்கும். ஆனால் பங்கீட்டுக்கு முன்பே, பங்கிட உரிமையுள்ள ‘நாம்’ உருவாக வேண்டும். அரசியலின் தொடக்கம் அங்கேதான்.

1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. சில ஊர்களைக் குறித்த சொல் ஒரு மாநிலத்தையே தாங்கியது பெருமைதான். ஆனால் இன்று நாடு என்றால் வரைபடமும் அரசாங்கமும் நினைவுக்கு வருகின்றன. ‘ஓம்’ விகுதி உதிர்ந்துவிட்டது. அந்த ‘நாம்’ மீள ஒரு வாய்ப்பும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உரிமைகளை வரையறுக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. மலை ஊர்களில் அந்தச் சபை உண்மையாகக் கூடி முடிவெடுக்குமானால், ஏட்டில் உள்ள சட்டம் நாட்டாரின் சட்டமாகும்.