கொலைக்களத்தில் ஒரு கமரா

1938 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில், ஊர் உறங்கிய பின்னர் தெருத்தெருவாகச் சுற்றித் திரிந்த செவர்லே மோட்டார் வண்டி ஒன்றினைப் பொலிசார் யாவரும் அறிந்திருந்தனர். வண்டியின் பின்பெட்டியில் தட்டெழுத்துப் பொறி, மின்னொளிக் குமிழ்கள், சுருட்டுகள், மாற்றுடை முதலியன இருந்தன. முன்புறத்திலே பொலிஸ் வானொலிச் செய்திகளைக் கேட்பதற்கான கருவி பொருத்தப்பட்டிருந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவருக்கு அத்தகைய அனுமதி கிடைப்பது அந்நாளில் மிக அரிது. வானொலி பாட்டும் நாடகமும் கேட்பதற்கென்றே பலரும் எண்ணியிருந்த காலத்தில், அதனையே தம் பிழைப்புக்குத் துணையாகக் கொண்டவர் இம்மனிதர்.

அவர் பெயர் ஆதர் ஃபெலிக். உலகம் அவரை வீஜீ என்றே அறியும். ஆவிகளோடு பேசுவதற்கென மேல்நாட்டார் வைத்திருக்கும் 'வீஜா' பலகையிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர். குற்றம் நிகழுமுன்னரே அதனை அறிந்து வந்துவிடுகிறார் என்று வியந்தவர்கள் இட்ட பெயராம். இருட்டறையில் ஈரப்படங்களைத் துடைக்கும் எடுபிடி வேலையின் பெயரே மருவியது என்பாரும் உளர். இரண்டாவது கூற்றே நம்பத் தக்கதாகத் தோன்றுகிறது. முதலாவதையே அவர் விரும்பிப் பரப்பினார்.

1899 இல், அன்று ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று உக்ரேனில் உள்ளதுமான சொலோச்சிவ் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். பத்து வயதளவில் அமெரிக்கா சேர்ந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பை இடையில் விட்டார். மட்டக் குதிரையொன்றின் மீது பிள்ளைகளை அமர்த்திப் படம்பிடித்து விற்றும் வாழ்ந்தார். பின்னர் செய்திப்பட நிறுவனமொன்றின் இருட்டறையில் பல்லாண்டு உழைத்து, 1935 இல் விலகித் தனித்துத் தொழில் தொடங்கினார். பொலிஸ் தலைமையகத்தின் அயலிலே ஒரு சிற்றறையே அவருடைய வீடு.

அவருடைய கருவி 'ஸ்பீட் கிறபிக்' என்னும் பெருங் கமரா. ஒரு தகட்டைப் பயன்படுத்தியதும் அடுத்ததை மாற்றவேண்டும். மின்னொளிக் குமிழோ ஒருமுறை வெடித்தால் எறியவேண்டியதுதான். ஆகவே ஒரு காட்சிக்கு ஒரு படம் என்பதே பெரும்பாலும் விதி. பத்தடித் தூரம் எனக் குவியத்தை முன்னதாகவே நிறுத்திவைத்து, உரிய இடத்துக்கு நடந்துசென்று பொத்தானை அமுக்குவார். அருகிலுள்ள முகங்கள் வெண்ணிறமாய் ஒளிர, பின்னணி முழுதும் காரிருளில் மூழ்கிவிடும். வீஜீயின் படங்களுக்குரிய அந்தக் கொடிய அழகு, அவசரத் தொழிலாளி ஒருவனின் வசதியிலிருந்து விளைந்தது என்பது வியப்பன்றோ!

கொலையைப் படம்பிடித்தோர் அன்று பலர் இருந்தனர். பிரேதத்தை விட்டுப் பார்ப்போர் பக்கம் கமராவைத் திருப்பியமையே வீஜீயின் தனிச் சிறப்பு. 1941 இல் புறூக்ளின் பகுதியில் சூதாட்டக்காரன் ஒருவன் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டபோது, பள்ளி விட்டு வந்த சிறுவர் கூட்டமொன்று அவ்விடத்தில் மொய்த்தது. 'அவர்களின் முதற் கொலை' என்று பெயர் பெற்ற அப்படத்தில் சவம் இல்லை. முகங்கள் மாத்திரமே உள. நடுவிலே இறந்தவனின் உறவினளான ஒரு பெண் வாய்விட்டு அழுகிறாள். அவளைச் சுற்றிச் சிறுவர்கள் நெருக்கியடித்து எட்டிப் பார்க்கின்றனர். ஒருவன் கமராவையே நோக்குகிறான். சிலர் முகத்திற் சிரிப்புக்கூட உண்டு. துயரமும் வேடிக்கையும் ஒரு முழ இடைவெளியில் நிற்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டிய படம் வேறொன்று கிடைப்பது அரிது. பிள்ளைகளோடு பழகியோர் அம்முகங்களிற் கொடுமையைக் காணார். முதன்முறை சாவைக் கண்ட திகைப்பு எவ்வாறு வெளிப்படுவதென்று அறியாது தடுமாறுவதையே காண்பர்.

இவரைப் பிணந்தின்னிக் கழுகு என்று பழித்தோரும் உண்டு. இரு கொலைகளுக்கு முப்பத்தைந்து டொலர் எனச் சஞ்சிகை நிறுவனம் அனுப்பிய பணச்சீட்டை அவர் மறைத்தாரில்லை. தம் நூலிலேயே அச்சிட்டார். எனினும் 1939 இல், குடியிருப்பொன்று தீப்பற்றி எரிகையில், உள்ளே சிக்கியவர்களை எண்ணி ஒரு தாயும் மகளும் செய்வதறியாது மேலே நோக்கும் படத்திற்கு, அதனை எடுத்தபோது தாம் அழுததாகவே அவர் குறிப்பெழுதினார். ஏழைகளின் துன்பத்தை அவ்வேழைகளுள் ஒருவராகவே அவர் நின்று நோக்கினார். ஆதலாற் கழுகென்னும் பழி முழுதும் பொருந்தாது.

வேறொரு குறையே பெரிது. 1943 இல் இசைநாடக அரங்கின் வாயிலில் வைரங்கள் பூண்ட இரு செல்வச் சீமாட்டிகளை, கந்தலணிந்த பெண்ணொருத்தி முறைத்து நிற்பதாக உள்ள புகழ்பெற்ற படம் தற்செயலாய் அமைந்ததன்று. அப்பெண்ணைக் குடியூட்டி அழைத்துவந்து நிறுத்தியதாக அவருடைய உதவியாளர் பின்னாளில் வெளிப்படுத்தினார். படம் சொல்லும் உண்மை பெரிதாயினும், அவளை அவ்வாறு பயன்படுத்தியதை நியாயப்படுத்தல் எளிதன்று.

1945 இல் அவருடைய 'நிர்வாண நகரம்' என்னும் நூல் வெளிவந்து பெரும் புகழ் ஈட்டியது. 1948 இல் அத்தலைப்பிலேயே திரைப்படமொன்றும் வந்தது. அவர் ஹொலிவூட்டுக்கும் சென்றார். கண்ணாடி வில்லைகளால் முகங்களை உருக்குலைத்து விளையாட்டுப் படங்கள் செய்தார். அவற்றுள் நினைவில் நிற்பன சில. 1968 டிசம்பர் 26 இல் நியூயோர்க்கிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற ஏறக்குறைய 16,000 படங்களும் 7,000 எதிர்த்தகடுகளும் 1993 இல் அந்நகரத்துச் சர்வதேசப் புகைப்பட நிலையத்தைச் சேர்ந்தன. அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில், 'புகழ்பெற்ற வீஜீ' என்று அவர் தாமே செய்வித்த முத்திரை இன்னும் காணப்படுகிறது.